ஆய்க்குடி அமர் சேவா சங்கம்: ஓலைக் கொட்டகையிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணை வரை

கேள்வி: உங்கள் ஊர்ப் பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் தொண்டு அமைப்பு ஏதாவது உண்டா? அது எப்படித் தொடங்கியது?

எனக்குத் தென்காசிப் பக்கம். அங்கே யாரிடம் இதைக் கேட்டாலும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைத்தான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஆய்க்குடி என்றால் முருகன் கோயிலும் படிப்பாயசமும். எங்களுக்கு அதோடு இதுவும் சேர்த்தி.

சின்ன வயதில் ‘அமர்’ என்றால் ‘உட்கார்’ என்றுதான் நினைத்திருந்தேன். வீல்சேரில் உட்கார்ந்திருப்பவர் ஆரம்பித்தது, பொருத்தமாகத்தானே இருக்கிறது? அது ஒரு டாக்டரின் பெயரில் பாதி என்று தெரிய ரொம்ப நாளானது. அமர்ஜித் சிங் சாஹல் என்று பெயர். சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனுக்கு ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை தந்து, ‘இனி என்ன’ என்று கிடந்தவருக்குத் தெம்பு கொடுத்தவர்.

ராமகிருஷ்ணன் ஆய்க்குடிக்காரர். கோவையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது, 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரிகள் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்ததில் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழந்தது. சிகிச்சைக்குப் பிறகு ஊருக்கே திரும்பினார். ஐ.நா. சபை 1981-ஐ சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்தது (அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த சொல் அதுதான், ‘மாற்றுத்திறனாளி’ பிற்பாடு வந்தது). அதே வருடம் ஒரு ஓலைக் கொட்டகையில் ஐந்து பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடமாகச் சங்கம் தொடங்கியது.

ஏன் பள்ளிக்கூடம்? அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் தெருவுக்கு ஒரு போலியோ பிள்ளையாவது இருக்கும். அறிவில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் தினமும் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் இருக்காது. அப்பா வயலுக்கு, அம்மா பீடி சுற்ற. பிள்ளை திண்ணையிலேயே வளரும். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டதெல்லாம் தங்க ஓர் இடம், காலைத் தாங்கி நிறுத்தும் காலிப்பர் கருவி, படிக்க ஒரு வகுப்பறை, இவ்வளவுதான்.

சங்கத்தின் கதையை எழுதுகிறவர்கள் எல்லாம் ராமகிருஷ்ணனோடேயே நின்றுவிடுகிறார்கள். விபத்து, மன உறுதி, சாதனை, 2020-ல் பத்மஸ்ரீ, சுபம். எனக்கென்னவோ 1992 தான் பெரிய திருப்பமாகத் தெரிகிறது. அந்த வருடம்தான் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். தசைச்சிதைவு நோயோடு வாழ்பவர், அவரும் வீல்சேர்தான். சென்னையில் நன்றாக நடந்துகொண்டிருந்த ஆடிட்டர் தொழிலை விட்டுவிட்டு ஆய்க்குடிக்கு வந்தார். நல்ல மனசோடு தொடங்கி, ரசீது புத்தகத்தைத் தொலைத்துவிட்டுக் காணாமல் போன டிரஸ்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொடங்கியவருக்குப் பிறகு யார், வந்த பணம் எங்கே போயிற்று என்ற இரண்டு கேள்விகளில்தான் பெரும்பாலும் கவிழும். இங்கே கனவு காண ஒருவர், கணக்குப் பார்க்க ஒருவர். இரண்டு பேருமே உதவி தேவைப்படும் நிலையில் இருந்தவர்கள் என்பதால், யாரோ ஏழைகளுக்குப் பிச்சை போடுகிற தோரணை அந்த வளாகத்துக்கு ஒட்டவே இல்லை.

ஓலைக் கொட்டகை இன்று 30 ஏக்கர் வளாகம். சிவசரஸ்வதி வித்யாலயா என்ற அதன் பள்ளியில் சுற்று வட்டாரத்தில் உள்ள மற்ற பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் தனி மறுவாழ்வு மையம் இருக்கிறது. மரத்திலிருந்து விழுந்தவர், பைக்கில் அடிபட்டவர், சாரத்திலிருந்து சறுக்கிய கொத்தனார் என்று வருகிறவர்களுக்கு, உணர்ச்சியில்லாத உடம்பில் படுக்கைப்புண் வராமல் எப்படித் திரும்பிப் படுப்பது என்பதுதான் முதல் பாடம். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் கவனிக்காமல் விட்ட புண்ணே ஆளைக் கொன்றுவிடும்.

இதற்குள் போலியோ ஒழிந்தது. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011-ல் பதிவானார். இப்போது அதிகம் வருவது மூளை முடக்குவாதம், வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம். இதற்கு விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைப்பது மட்டும் போதாது. மூளை வேகமாக வளர்வது முதல் சில வருடங்களில்தான், கைக்குழந்தையை விடுதியில் விட முடியுமா? அதனால் ஆட்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் முறை வளர்ந்தது. எனக்குச் சங்கம் நேரடியாகப் பழக்கமானதும் இப்படித்தான்.

என் தங்கை மகளுக்கு எட்டு மாதமாகியும் தலை நிற்கவில்லை. முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில் “சில பிள்ளைக லேட்டாத்தான் நிக்கும், போங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ஆச்சி வேறு, “உங்க மாமாவும் இப்படித்தாம்ளா இருந்தான்” என்று சமாதானம் சொன்னாள். அப்புறம் ஒருநாள் சங்கத்திலிருந்து ஒரு பெண் பணியாளர் வந்தார். எங்கள் தெருவில் அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். திண்ணையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்த பழைய சேலையை இறுகச் சுருட்டிப் பிள்ளையின் நெஞ்சுக்கு அடியில் வைத்துக் குப்புறப் படுக்கப்போட்டார். முகத்துக்கு நேரே எங்கள் பித்தளைச் சொம்பை வைத்துக் கரண்டியால் ஒரு தட்டு. சத்தம் கேட்டுப் பிள்ளை தலையைத் தூக்கப் பார்த்தது. ஒரு விநாடி இருக்கும். பொத்தென்று விழுந்தது. மறுபடி தட்டல்.

“அக்கா, தனியா நேரம் ஒதுக்கணும்னு இல்ல. குளிப்பாட்டுறப்ப, சோறு ஊட்டுறப்ப, சும்மா கொஞ்சுறப்ப இதையே செய்ங்க. நான் வாரத்துக்கு ஒருக்க வருவேன், மிச்ச நாள் நீங்கதான் டீச்சர்” என்றார். கையிலிருந்த டேப்லெட்டில் அன்றைக்குப் பிள்ளையால் என்னென்ன முடிந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். இதற்கென்றே சங்கம் ஒரு செயலி வைத்திருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் நேரில் வராத வாரங்களிலும் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்லலாம். ஆடிட்டர் வந்து சேர்ந்த இடமல்லவா, பிள்ளைகளுக்கும் பேரேடு போட்டுவிட்டார்கள் என்று நான் கிண்டல் செய்தேன். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கை மகளுக்கு இப்போது ஆறு வயது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், பேச்சு கொஞ்சம் குழறும், அந்தச் சொம்பை யாரும் தொடக்கூடாது என்று சண்டை போடுகிறாள்.