எண்ணெய் விட்ட பிறகு கற்பூரம்

அன்புள்ள அக்கா,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் மாத்திரை எடுக்கிறார். காலில் இருந்த புண் ஆறியதும், மாரியாத்தா கண் திறந்தாள் என்று தீச்சட்டி நேர்ந்துவிட்டார். பகுத்தறிவாளர் டாக்டர் கோவூர் 1963இலேயே ஒரு இலட்சம் ரூபாய் சவால் விட்டாரே, அற்புதம் செய்து காட்டி அதை யாராவது வாங்கினார்களா? எல்லார் கையிலும் போன் இருக்கிற இந்தக் காலத்திலும் நம் சனம் ஏன் சாமியை விடுவதில்லை? கோயிலுக்கென்று சம்பளத்தில் வேறு காசு பிடிக்கிறார்கள். கோபத்தில் அம்மாவைப் 'படிக்காத சனம்' என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஆர்.

அன்புள்ள தம்பி,

முப்பது வருஷம் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று உங்களை விஞ்ஞானம் படிக்க வைத்தவரையா அப்படிச் சொன்னீர்கள்? இதை வாசித்ததும் எழும்பிப் போய் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

கோவூர் சவால் விட்டது, அற்புதம் காட்டுவதாகச் சொல்லி ஊரை ஏமாற்றியவர்களுக்கு. உங்கள் அம்மா யாரையும் ஏமாற்றவில்லை. சம்பளத்தில் காசு பிடிப்பதைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அதைத் தொழிற்சங்கத்தில் கேளுங்கள், அம்மாவிடம் கேட்காதீர்கள்.

எங்கள் தோட்டத்துப் பழைய ஸ்டோரை, அதுதான் தேயிலைத் தொழிற்சாலையை, கழற்றி இரும்புக்கு விற்கிறார்கள் என்று போன மாதம் என் தம்பி போனில் சொன்னான். அன்றிலிருந்து எனக்கு ரோதை முனியின் ஞாபகம்தான். ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். தேயிலை ஸ்டோரில் சுற்றுகிற இயந்திரத்துக்கு ஒரு முனியை வைத்துக் கும்பிட்டவர்கள் நம் ஆட்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்திக்கும் ஒரு சாமி உண்டு, கவ்வாத்துசாமி. இந்தச் சாமிகளில் எதுவும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வரவில்லை. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த சனம், மாரியம்மனைக் கூடவே கொண்டுவந்தது. வந்த இடத்தில் இயந்திரத்தைப் பார்த்தது, அதற்குப் பொட்டு வைத்தது. விஞ்ஞானம் நமக்குப் பிந்தித்தான் வந்தது என்ற மாதிரி எழுதுகிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பா ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலரில் வேலை செய்தார். வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். முதலில் பழந்துணியால் பெல்டைத் துடைப்பார். தையல் விட்டிருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவிப் பார்ப்பார். ஒவ்வொரு பேரிங்குக்கும் எண்ணெய் விடுவார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இரும்பில் குங்குமம் வைத்துக் கற்பூரம் கொளுத்துவார். ஒரு நாளாவது இந்த வரிசையை அவர் மாற்றி நான் பார்த்ததில்லை.

எங்கள் சித்தப்பாவின் கை அந்த பெல்டில்தான் மாட்டியது. மூன்று விரல் போனது. பெல்டுக்கு ஒரு கூடு போடுங்கள் என்று அப்பா அதற்கு முன்பே இரண்டு தரம் மேலே சொல்லியிருந்தார். கூடு வரவில்லை. பெல்ட் ஏன் கையை இழுக்கும் என்பது அந்த ஸ்டோரில் அப்பாவைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது தம்பி. தெரிந்து என்ன செய்வது? மறுநாளும் அதே பெல்டுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அன்றிலிருந்து முனிக்கு எலுமிச்சம்பழமும் சேர்ந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. அந்த இடம் சரியும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். விஞ்ஞானம் சொன்னது அப்படியே நடந்தது. ஆனால் எழும்பிப் போக அந்தச் சனத்துக்கென்று சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லை. மழை பெய்கிற ராத்திரியில் அப்படிப்பட்ட ஒரு காம்பராவில் படுத்திருக்கிறவள், மண் ஏன் சரிகிறது என்று தெரியாமலா சாமிப் படத்துக்கு விளக்கேற்றுகிறாள்?

இன்னொன்றும் உண்டு. எங்கள் அம்மா கணக்கப்பிள்ளைக்கு முன்னால் குரலை உயர்த்தியதே இல்லை. கொழுந்து நிறுவையில் இரண்டு கிலோ குறைத்துப் போட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவார். ஆனால் திருவிழாவில் மாரியம்மனுக்கு முன்னால் நின்று, "உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? எம்புள்ளைக்குச் சொகமாக்க மாட்டியா?" என்று அவர் கத்தியதை நான் கேட்டிருக்கிறேன். அவர் சத்தம் போட்டுக் கேள்வி கேட்க உலகத்தில் அந்த ஒரு இடம்தான் இருந்தது. அதையும் விட்டுவிடு என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனைக்கும் நான் கும்பிடுகிறவள் இல்லை.

உங்கள் அம்மா தீச்சட்டி எடுக்கட்டும். சீனி வருத்தம் இருக்கிறவர்களுக்குக் கையிலும் காலிலும் சூடு சரியாகத் தெரியாது, இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டிக்கு அடியில் வேப்பிலையைத் தடிப்பாக அடுக்கிக் கொடுங்கள். வெறுங்காலோடு நடப்பார், நீங்களும் பக்கத்திலேயே நடந்து போங்கள். வீட்டுக்கு வந்ததும் கால் இரண்டையும் கழுவித் துடைத்து, டோர்ச் அடித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். ஒரு கொப்புளம் இருந்தாலும் விடியற்காலையிலேயே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா