65 என்பது வயதா, பெயரா?

கேள்வி: மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடைக்காரரிடம் ஃபெண்டர் ''65 ட்வின் ரிவெர்ப்' ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) விலைக்கு வந்திருக்கிறது. "1965-ல செஞ்சது தம்பி, இனிமே கிடைக்காது" என்று சொல்லி, புதுசைவிட அதிகம் கேட்கிறார். மாடலைப் பார்த்து வாங்குவதா, வருஷத்தைப் பார்த்து வாங்குவதா?
– வாசகர், திருநகர்

பதில்: முதலில் அந்த 65-ஐ என்னவென்று பார்த்துவிடுவோம். ஃபெண்டர் கம்பெனி 1990-களின் தொடக்கத்திலிருந்து ''65 ட்வின் ரிவெர்ப்' என்ற பெயரிலேயே புது ஆம்ப் செய்து விற்கிறது. 1965-ல் வந்ததற்குப் பெயர் வெறும் 'ட்வின் ரிவெர்ப்'தான். ஆகவே பெயரிலேயே 65 இருக்கிறது என்றால், அது 65-ல் செய்ததல்ல என்பதற்குத்தான் அது சாட்சி. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்டவேண்டாம். அவருக்கு விற்றவர் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

சுங்குடி கட்டும் ஊருக்கு இதை விளக்குவது சுலபம். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்ததும் சுங்குடி. அதே புள்ளிகளை அச்சில் அடித்ததையும் கடையில் சுங்குடி என்றுதான் எடுத்துப் போடுகிறார்கள். இரண்டையும் கட்டலாம். ஆனால் முடிச்சுச் சேலையின் விலையை அச்சுச் சேலைக்குக் கொடுப்பார்களா? பழைய ட்வினில் பாகங்களைக் கையால் சாலிடர் வைத்து ஒயரால் இணைத்தார்கள். இப்போதைய '65-ல் சர்க்யூட் ஏறக்குறைய அதேதான், ஆனால் பாகங்கள் உட்காருவது பிசிபி என்கிற அச்சடித்த சர்க்யூட் போர்டில். சத்தம் நன்றாகவே இருக்கும். பழம்பொருள் விலைதான் அதற்குப் பொருந்தாது.

நேரில் போனால் டார்ச் எடுத்துப் போங்கள். ஆம்பின் பின்பக்கம் பாதி திறந்தே இருக்கும். உள்ளே தொங்கும் டிரான்ஸ்ஃபார்மரிலும் ஸ்பீக்கரின் விளிம்பிலும் எண்கள் குத்தியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்றால் ஷூமாக்கர் செய்தது. ஸ்பீக்கரில் 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு. அதற்கு அடுத்த இலக்கம் வருஷத்தின் கடைசி எண், அதன்பின் வாரம். 606-5-32 என்றால் 65-ன் 32-வது வாரம். 75 என்றும் படிக்கலாமே என்கிறீர்களா? அதற்குக் குமிழ்கள் இருக்கும் முகப்பைப் பாருங்கள்: 1967 வரை கறுப்பு, 1968-க்குப் பிறகு வெள்ளி நிறம். ஸ்பீக்கர் மட்டும் பிற்பாடு மாற்றியதாக இருக்கலாம், அதனால் ஒரே எண்ணை நம்பாதீர்கள். உள்ளே கை விடுவது வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டன்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

சரி, மாடலா வருஷமா? என்னைக் கேட்டால், சத்தம் எப்படி இருக்கும் என்பதற்கு ஆம்பின் வம்சத்தை, அதாவது உள்ளே இருப்பது எந்தச் சர்க்யூட்டின் வழி வந்தது என்பதைக் கேளுங்கள். விலை, ரிப்பேர் இரண்டுக்கும் வருஷத்தைக் கேளுங்கள். மாடல் பெயர் இரண்டுக்குமே நம்பகமானதல்ல.

ஃபெண்டரின் இன்னொரு ஆம்பான பேஸ்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களின் கடைசியில் ட்வீட் துணி ஒட்டி வந்த பேஸ்மேனின் சர்க்யூட் எண் 5எஃப்6-ஏ. லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் கென் பிரான், டட்லி கிரேவன் என்று இரண்டு பேர் இருந்தார்கள். 1962-ல் அவர்கள் இந்தச் சர்க்யூட்டை வைத்துத்தான் மார்ஷல் பெயரில் வந்த ஜேடிஎம்45 ஆம்பைச் செய்தார்கள். அங்கே கிடைத்த டிரான்ஸ்ஃபார்மர், செலஸ்டியன் ஸ்பீக்கர், மூடிய பெட்டி எல்லாம் சேர்ந்து சத்தம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் ரத்த உறவு போகவில்லை. அந்தப் பக்கம் ஃபெண்டரோ 'பேஸ்மேன்' என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, 1960-களில் கறுப்பு முகப்பு போட்டு, உள்ளே வேறு சர்க்யூட்டை வைத்துவிட்டது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தது மாதிரி; பெயர்தான் அதே. ட்வின், சூப்பர், டீலக்ஸ் ரிவெர்ப் மூன்றும் பெயரில் வேறு. ஆனால் 60-களின் நடுவில் மூன்றுக்கும் ஏபி763 என்ற ஒரே குடும்பத்துச் சர்க்யூட். பவர் வால்வும் (சத்தத்தைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) ஸ்பீக்கரும்தான் முக்கிய வித்தியாசம்.

இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், வெள்ளி முகப்பு ட்வினையும் ஒதுக்காமல் பார்க்கலாம். அதே வம்சம்தான். நடுவில் சில மாற்றங்கள் செய்தார்கள், வால்வு தெரிந்த மெக்கானிக் திரும்பப் பழையபடி ஆக்கிவிடுவார். 1970-களின் பின்பாதியில் 135 வாட் ஆக்கினார்கள். அதை மட்டும் தவிர்க்கலாம் என்பேன். உண்மையில் ட்வினே உங்களுக்கு வேண்டுமா என்று யோசியுங்கள். 85 வாட், 29 கிலோ. திருவிழா மேடையில் எப்படியும் ஆம்ப் முன்னால் மைக் வைக்கப்போகிறார்கள். 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப் போதும், முதுகும் பிழைக்கும்.

நிஜமாகவே பழையதுதான் என்று தெரிந்தால் இன்னும் இரண்டு விஷயம். அமெரிக்காவுக்கென்று செய்தது 117 வோல்ட்டில் ஓடுவது. நம் 230-ல் நேராகச் சொருகினால் அன்றோடு சரி. 500 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அப்புறம் பழைய இரண்டு முள் ஒயரை எடுத்துவிட்டு எர்த் உள்ள மூன்று பின் ஒயர் போடச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் கரண்டில் ஓடும் மேடையில், கையில் கிட்டார் கம்பியும் உதட்டில் மைக்கும் இருக்கும்போது எர்த் இல்லாத ஆம்பை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. கண்டன்சர்களை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

பில்லில் "1965-ல் தயாரித்தது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால் அதுவே பதில். எழுதித் தந்து பொய்யானால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பாருங்கள்.

கேள்வி: மார்ஷல் ஜேஎம்பி 2203 ஒன்று, ஜேசிஎம்800 2203 ஒன்று, இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கிறது. ஜேஎம்பி பழசு என்று விலை குறைத்துத் தருகிறார். எதை எடுப்பது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டும் ஒரே ஆம்ப் என்றே வைத்துக்கொள்ளலாம். 2203 வந்தது 1975-ல். 1981-ல் விநியோகஸ்தருடன் இருந்த ஒப்பந்தம் முடிந்ததும் ஜிம் மார்ஷல் ஆம்பின் முகப்பை மாற்றிப் புதுப் பெயர் வைத்தார். ஜேசிஎம் என்பது அவருடைய இனிஷியல். உள்ளே அதே மாஸ்டர் வால்யூம் சர்க்யூட். வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே நிலையில் இருந்தால் விலை குறைந்ததை எடுங்கள். உங்களுக்கு யோகம்தான்.

கேள்வி: பத்தாவது படிக்கும் மகன் மாடலிங் ஆம்ப் (வேறு வேறு ஆம்ப்களின் சத்தத்தைப் போலவே தருவது) கேட்கிறான். 'ட்வீட்', 'பிரிட் 800' என்று முப்பது பெயர் போட்டிருக்கிறது. முப்பது ஆம்புக்குச் சமம் என்று கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: அடுத்த கம்பெனியின் பெயரைப் போட முடியாததால் வைத்த பட்டப்பெயர்கள் அவை. ட்வீட் என்றால் 1950-களின் ஃபெண்டர், பிரிட் 800 என்றால் மேலே சொன்ன மார்ஷல். ஏழெட்டு வம்சங்களைத்தான் முப்பதாக விரித்திருப்பார்கள். பையனைக் கடைக்குக் கூட்டிப்போய் மூன்றை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்: சுத்தமான ஃபெண்டர் வகை, கரகரப்பான மார்ஷல் வகை, முழு டிஸ்டார்ஷன் ஒன்று. அந்த மூன்றும் அவனுக்குப் பிடித்தால் வாங்கலாம். காம்பவுண்டு வீடு என்றால் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பரீட்சை சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வாழ்த்துவார்.