பெட்டி கட்டுமுன் வீட்டுக்குச் சொல்லுங்கள்

கேள்வி: அம்மா, துபாய் அல் கூஸில் 19 வருஷமாக எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். விசா கேன்சல் ஆகி இன்னும் 12 நாளில் ஊருக்கு வருகிறேன். மனைவியிடம் 'லீவில் வருகிறேன்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். வெறுங்கையோடு போனால் நாலு பேர் என்ன பேசுவார்களோ என்று, கிரெடிட் கார்டில் நகையும் சாமான்களும் வாங்க யோசிக்கிறேன். ரூமை விட்டு வரவும் மனசு வரவில்லை. ராத்திரி தூக்கமே இல்லை.
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: தம்பி, முதலில் அந்த 'லீவு' என்ற வார்த்தையைத் திருத்துங்கள். மஸ்கட்டிலிருந்து முடித்துக்கொண்டு வந்த என் அண்ணனும் லீவு என்றுதான் சொன்னார். மாதாமாதம் பணம் வரும் என்று நம்பிய அண்ணி, மாடி கட்டக் கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, "டிக்கெட் எப்போ?" என்று அண்ணி கேட்ட அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை. அண்ணி பேசவே ஒரு வாரம் ஆயிற்று.

உங்கள் மனைவி கேட்கப்போகும் முதல் கேள்வி, "கைக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான். கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அமீரகச் சட்டப்படி வேலை முடியும்போது தரும் பணிக்கொடை, முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம், அதற்குமேல் வருஷம் 30 நாள். உங்கள் 19 வருஷத்துக்கு 105-ம் 420-ம் சேர்த்து 525 நாள் சம்பளம். அடிப்படைச் சம்பளத்தில்தான் இந்தக் கணக்கு. அலவன்ஸைச் சேர்த்து ஏமாறாதீர்கள். வேலை முடிந்த 14 நாளுக்குள் கம்பெனி இதைக் கொடுத்தாக வேண்டும். பணம் வருமுன் 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். இழுத்தடித்தால் அங்குள்ள மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். அனுபவச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். இலவசமாகத் தரவேண்டியது அவர்கள் கடமை.

கிரெடிட் கார்டு வேண்டவே வேண்டாம். சம்பளம் நின்ற பிறகு அந்தக் கடனை எதை வைத்து அடைப்பீர்கள்? வங்கி வழக்குப் போட்டால் பயணத்தடைகூட வரலாம். பால் பவுடரும் தைலமும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துணியும் போதும். 19 வருஷமாகப் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டவர்கள் இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்வார்கள். பேசுகிறவர்கள் பேசட்டும், தம்பி. உங்கள் வீட்டு உலையில் அவர்கள் அரிசி போடப்போவதில்லை.

ரூமை விட்டு வர மனசில்லை என்று கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? மனைவியோடு இருந்த நாட்களைவிட அந்தக் கட்டிலில் படுத்த நாட்கள்தான் அதிகம். காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கடைசி விடுமுறை நாளில் கடைகடையாக அலையாமல், அவர்களோடு ஒரு திர்ஹம் கொடுத்து தேராவிலிருந்து பர் துபாய்க்கு அப்ரா படகில் போய் வாருங்கள். உங்கள் குக்கரையும் டூல் பாக்ஸையும் யாருக்கு என்று நீங்களே கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அதற்குமுன் மனைவிக்கு அந்த போன். அங்கே ஒன்பது மணி என்றால் ஊரில் பத்தரை, பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். இன்றைக்கே கூப்பிடுங்கள்.