கல்லடியில் பகலில் மீன் கடிக்காதது பற்றி

தம்பி, மே மாதம் மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் பத்து மணிக்குப் பிறகு இறால் குத்தித் தூண்டில் போட்டும் ஒன்றும் கடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இரையில் குறையில்லை, நேரம்தான் சரியில்லை. வெயில் ஏற ஏறக் கரையோரத் தண்ணீர் சூடாகும். பாரை போன்றவை ஆழத்துக்கு விலகிவிடும். விடியுமுன்பே போய், சின்ன மீன்கள் துள்ளும் இடமாகப் பார்த்து வீசுங்கள். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருந்தால் இன்னும் நல்லது: வாவித் தண்ணீர் வடியும்போது இறாலும் மணலை மீனும் கூடவே வரும், பாரை அதற்காகவே காத்திருக்கும்.

அப்புறம், தோணியில் போகும் எண்ணம் இருந்தால் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றைக் கவனியுங்கள். அது தரையிலிருந்து வீசுவதால் கரையோரம் அமைதியாகத்தான் தெரியும். ஆனால் சிறிய தோணியை வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும். அப்படியான நாளில் தயவுசெய்து கரையிலேயே நில்லுங்கள்.