பேட்டரி எப்போது தீரும்? உணரி வலையமைப்புச் சிமுலேஷன் குறித்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உணரிக் கருவிகளை (கணுக்களை) குழுக்களாகப் பிரித்து, குழுத்தலைமையைச் சுழற்றி ஆற்றலைச் சேமிக்கும் லீச் நெறிமுறையில் நான் செய்திருக்கும் ஒரு மாற்றத்தை மதிப்பிட, பிட்டுக்கு 50 நானோஜூல் என்று எல்லோரும் எடுத்துக்கொள்ளும் ரேடியோ மாதிரியையே பயன்படுத்துகிறேன். இது போதுமா?

பதில்: இரண்டு நெறிமுறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட ஓரளவு போதும், ஒரு கணு எத்தனை நாள் இயங்கும் என்று சொல்லப் போதாது. அந்த எண், 2000ஆம் ஆண்டில் ஹைன்செல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் லீச்சை முன்வைத்த கட்டுரையிலிருந்து வருவது. அனுப்பவும் பெறவும் மின்சுற்றுக்குப் பிட்டுக்கு 50 நானோஜூல் ஆகிறது என்றும், அனுப்பும்போது பெருக்கிக்கென்று 100 பிக்கோஜூலைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிச் சேர்க்க வேண்டும் என்றும் அந்த மாதிரி சொல்கிறது. இதன்படி 10 மீட்டருக்கு அனுப்பப் பிட்டுக்கு 60 நானோஜூலும், 100 மீட்டருக்கு 1050 நானோஜூலும் செலவாகும். பதினேழு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு.

இதை ஒரு நிஜ ரேடியோவின் தரவுத்தாளோடு வைத்துப் பாருங்கள். டெலாஸ்பி என்ற கணுவில் உள்ள சிசி2420 ரேடியோவின் அனுப்பு திறனை 0 டிபிஎம்மிலிருந்து (டிபிஎம் என்பது திறனின் மடக்கை அலகு) −25 டிபிஎம்முக்குக் குறைத்தால், வெளியேறும் அலையின் திறன் முந்நூறு மடங்குக்கு மேல் குறைகிறது. ஆனால் பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் 17.4 மில்லியாம்பியரிலிருந்து 8.5 மில்லியாம்பியருக்கு, அதாவது ஏறக்குறைய பாதிக்குத்தான் இறங்குகிறது. பெறும் நிலையிலோ அது 18.8 மில்லியாம்பியர். உச்சத் திறனில் அனுப்புவதைவிட, ஒன்றும் வராதபோதும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதற்கே இங்கு அதிகம் செலவாகிறது. 3 வோல்ட்டிலும் நொடிக்கு 250 கிலோபிட் வேகத்திலும் கணக்கிட்டால், அனுப்பப் பிட்டுக்குச் சுமார் 209 நானோஜூல், பெற 226 நானோஜூல்.

எண்களை மாற்றிப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பழைய மாதிரி பிட்டுகளுக்கு மட்டும் விலை போடுகிறது. ரேடியோவோ விழித்திருக்கும் நேரத்துக்கு விலை கேட்கிறது. 127 பைட் கொண்ட முழுச் சட்டகம் (ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் தொகுப்பு), முன்னொட்டையும் சேர்த்து, 4.3 மில்லிநொடிக்குள் காற்றில் போய்விடும். ஆனால் பெறும் கணு 125 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் விழிக்கிறது என்றும், அது விழிக்கும் வேளை அனுப்புபவருக்குத் தெரியாது என்றும் வைத்துக்கொண்டால், அனுப்பும் கணு சராசரியாக 60 மில்லிநொடிக்கு மேல் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். பழைய மாதிரியில் இந்தச் செலவு ஒரு பைசாவுக்குக்கூடக் கணக்கில் வராது. ஆகவே உறக்கம், கேட்டல், பெறுதல், அனுப்புதல், நிலைமாற்றம் என்று ஒவ்வொரு நிலையிலும் கணு இருந்த நேரத்தை, அந்தந்த மின்னோட்டத்தாலும் மின்னழுத்தத்தாலும் பெருக்கிக் கூட்டும் நிலை மாதிரிக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு ஏஏ பேட்டரிகளில் இயங்கும் கணுவின் ஆயுளைச் சிமுலேட்டர் இல்லாமல் கையாலேயே கணக்கிட முடியுமா?

பதில்: முடியும், சிமுலேட்டரைத் திறக்கும் முன் அதைச் செய்துவிடுவதே நல்லது. கொள்ளளவை 2500 மில்லியாம்பியர்-மணி என்று கொள்வோம். மேலே சொன்ன ரேடியோ எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தால் 133 மணி நேரத்தில், ஐந்தரை நாளில், பேட்டரி தீர்ந்துவிடும். நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருந்தால் சராசரி 0.188 மில்லியாம்பியர், உறக்கத்துக்கு 5 மைக்ரோஆம்பியர் சேர்த்தால் 0.193. கிட்டத்தட்ட 540 நாள் வரும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் விடை பன்னிரண்டு ஆண்டு என்று வரும், அங்கேதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பேட்டரியின் மின்னூட்டம் ஆண்டுக்கு 2 விழுக்காடு தானாக வடிந்தாலே அது 50 மில்லியாம்பியர்-மணி. தொடர்ந்து ஏறத்தாழ 6 மைக்ரோஆம்பியர் இழுப்பதற்குச் சமம், அதாவது கணுவின் உறக்க மின்னோட்டத்தையே மிஞ்சும் செலவு.

இன்னொன்று, கணு 2.1 வோல்ட்டுக்குக் கீழே இயங்காது என்றால், ஒவ்வொரு பேட்டரியும் 1.05 வோல்ட்டைத் தொட்டபின் உள்ளே எஞ்சியிருப்பது உங்களுக்கு உதவாது. குளிரில் அக மின்தடை கூடுவதால் அந்த எல்லை இன்னும் முன்னதாகவே வரும். இதற்காக, மின்னோட்டத்துக்கும் ஓய்வுக்கும் ஏற்பப் பேட்டரி நடந்துகொள்ளும் விதத்தைக் கணிக்கும் இயக்கவியல் பேட்டரி மாதிரி, ரக்மடோவ்-வ்ருதுலா மாதிரி என்று நுணுக்கமானவற்றைத் தேட வேண்டுமா என்றால், ஏஏ பேட்டரியில் இந்த அளவு மின்னோட்டத்துக்குப் பெரும்பாலும் தேவையில்லை என்பது என் கருத்து. சுமார் 220 மில்லியாம்பியர்-மணி மட்டுமே கொண்ட சிஆர்2032 நாணய பேட்டரியில் 20 மில்லியாம்பியர் துடிப்புகளை இழுப்பவர்களுக்கு அவை அவசியம்.

கேள்வி: எந்தச் சிமுலேட்டரைக் கற்றுக்கொள்வது?

பதில்: கேள்வியைப் பொறுத்தது. கணுவில் ஓடப்போகும் நிரலையே ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் கணுக்களுக்கான இயங்குதளமான கான்டிகியுடன் வரும் கூஜா. ரேடியோ எந்த நிலையில் எத்தனை நேரம் இருந்தது என்பதை நிரலுக்குள்ளிருந்தே அளக்க கான்டிகியின் எனர்ஜெஸ்ட் கருவி இருக்கிறது. கணுக்கள் நூற்றுக்கணக்கில் பெருகினால் கூஜா மூச்சுவாங்கும். அலைப் பரவலும், யார் எப்போது அனுப்புவது என்று தீர்மானிக்கும் ஊடக அணுகல் நெறிமுறையும் முக்கியமென்றால் ஓம்நெட்++ என்ற சிமுலேஷன் தளத்தின் மேல் எழுதப்பட்ட காஸ்டேலியா பொருந்தும், அது இப்போது பழையதாகிவிட்டாலும். என்எஸ்-3 என்ற வலையமைப்புச் சிமுலேட்டரில் ஆற்றல் மூலமும் ஆற்றல் செலவு மாதிரியும் தனித்தனியாக இருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்றிச் சோதிப்பது எளிது. மேட்லாபில் எழுதிய இருநூறு வரி நிரலைச் சிமுலேட்டர் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

கேள்வி: முதல் கணு இறப்பதை வலையமைப்பின் முடிவாகக் கொள்வதா, கடைசிக் கணு இறப்பதையா?

பதில்: கடைசிக் கணுவை மறந்துவிடுங்கள், தரவையெல்லாம் சேகரிக்கும் அடிநிலையத்தோடு தொடர்பறுந்தபின் உயிரோடிருக்கும் கணுவால் பயனில்லை. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். அடிநிலையத்தை மையமாக வைத்துச் சம அகலமுள்ள ஐந்து வளையங்களில் கணுக்கள் சீராகப் பரவியிருக்கின்றன. ஒவ்வொன்றும் சுற்றுக்கு ஒரு பொட்டலத்தை வளையம் வளையமாக உள்ளே தள்ளுகிறது. மொத்தப் பரப்பில் முதல் வளையம் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஆகவே அங்குள்ள ஒவ்வொரு கணுவும் தன் பொட்டலத்தோடு பிறருடைய 24 பொட்டலங்களையும் சுமக்கிறது. ஐந்தாம் வளையத்துக் கணுவோ தன்னுடையதை மட்டும் அனுப்புகிறது. உள்வளையம் செத்ததும் வெளியே ஏராளமான ஆற்றல் மிச்சமிருந்தும் வலையமைப்பு முடிந்துபோகும். உங்கள் பயன்பாட்டுக்குக் குறைந்தது எவ்வளவு தரவு அடிநிலையத்துக்கு வந்தாக வேண்டும் என்று முதலில் நிர்ணயித்து, அது தவறும் நாளையே ஆயுளாகக் கொள்வது நேர்மையான வழி.

கேள்வி: சிமுலேஷனை எத்தனை முறை ஓட்ட வேண்டும்?

பதில்: ஒவ்வொரு அமைப்புக்கும், தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை மாற்றி மாற்றி 30 முறை ஓட்டி, சராசரியோடு நம்பக இடைவெளியையும் வரையுங்கள். கணுக்கள் இருக்கும் இடங்களும் விதையோடு மாற வேண்டும். ஒரே அமைவிடத்தில் முப்பது முறை ஓட்டினால் அந்த அமைவிடத்தைப் பற்றி மட்டும்தான் தெரியவரும்.

கேள்வி: சிமுலேஷனில் மூன்றாண்டு இயங்கிய கணு, களத்தில் நான்கு மாதத்தில் நின்றுவிட்டது. தவறு எங்கே?

பதில்: ஒன்பது மடங்கு வித்தியாசத்தை ரேடியோ இணைப்புகள் மட்டும் விளக்குவது அரிது. எல்லைக்குள் எல்லாம் கிடைக்கும், வெளியே ஒன்றும் கிடைக்காது என்ற வட்ட மாதிரியை வைத்திருந்தால் மறுபரப்பல்கள் குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கும் என்பது உண்மையே. இருந்தாலும் நான் முதலில் சந்தேகிப்பது உறக்க மின்னோட்டத்தை. நிரல் உறங்கச் சொன்ன பிறகும் அணையாத உணரி, எரிந்துகொண்டே இருக்கும் எல்இடி, எதனோடும் இணைக்காமல் மிதக்கவிடப்பட்ட ஒரு பின், தன் பங்குக்கு மின்சாரம் தின்னும் மின்னழுத்தச் சீராக்கி ஆகிய எதுவும் உங்கள் மாதிரியில் இருந்திருக்காது. இரண்டு ஏஏ பேட்டரிகளை நான்கு மாதத்தில் தீர்க்கச் சராசரியாக ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான கசிவே போதும்.

அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பேட்டரியோடு தொடரில் 10 ஓம் மின்தடையை வைத்தால், உறங்கும்போது அதன் குறுக்கே 50 மைக்ரோவோல்ட்தான் விழும். அலைக்காட்டியில் அது இரைச்சலோடு இரைச்சலாகப் போய்விடும். 1000 ஓம் வைத்தால் உறக்கம் தெளிவாகத் தெரியும், ஆனால் ரேடியோ விழித்த மறுகணமே மின்னழுத்தம் சரிந்து கணு மறுதொடக்கமாகும். ஆகவே ரேடியோவை அறவே தொடாமல் உறங்க மட்டும் செய்யும் ஒரு நிரலை ஏற்றிப் பெரிய மின்தடையால் ஒருமுறையும், வழக்கமான நிரலோடு சிறிய மின்தடையால் மறுமுறையும் அளந்து, அந்த இரண்டு எண்களையும் மாதிரியில் இட்டு மீண்டும் ஓட்டுங்கள்.