படகுத் துறையில் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: மே விடுமுறைக்கு அம்மாவோடும் பிள்ளைகளோடும் கன்னியாகுமரி, தேக்கடி போகிறோம். படகில் ஏறப் பயமாக இருக்கிறது. ஏறலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக ஏறுங்கள். விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகு விடுகிறது. கடல் உள்வாங்கினாலோ, அலை மிஞ்சினாலோ நிறுத்திவிடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்தோமே" என்று கவுன்ட்டரில் சண்டை போடாதீர்கள். (போடுகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன்.)

லைஃப் ஜாக்கெட் வியர்வை நாறும்தான். அதற்காக மடியில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். கொக்கி உடைந்து கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தால் வேறு கேளுங்கள். பிள்ளைக்கு மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அதனால் யாராவது "யானை!" என்று கத்தினாலும் இருக்கையை விட்டு எழ வேண்டாம். கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று 22 உயிர்களைப் பறித்த படகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, இருட்டும் நேரத்தில் கிளம்பியது. "கடைசி டிரிப், வாங்க வாங்க" என்று கூப்பிட்டால் அசையாதீர்கள்.

அப்புறம், திருட்டு. ஏறும் இடத்து நெரிசலில்தான் பர்ஸும் சங்கிலியும் போகும். அம்மாவின் நகையை அறையில் பூட்டி வையுங்கள். அவரைக் கீழ்த்தளத்தில், வழிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். படகைத் துறையில் கயிற்றால் கட்டி முடிக்கும்வரை எழ விடாதீர்கள்.