ஒல்லாந்தர் ஏட்டில் பெண்களைத் தேடுவது

தங்கச்சி, முல்லைத்தீவுக் கரையோரப் பெண்களின் வேலை பற்றி ஒப்படை எழுதுகிறேன், ஒல்லாந்தர் காலப் பதிவுகளில் பெண்களையே காணோம் என்று கேட்டிருந்தீர்கள். காணாததற்குக் காரணம் இருக்கிறது. வன்னியர்களிடம், அதாவது வன்னிப் பகுதித் தலைவர்களிடம், கும்பனி (ஒல்லாந்தரின் வணிகக் கம்பனி) எதிர்பார்த்தது யானைத் திறை. அதைக் கவனமாக எழுதினார்கள். மீனைப் பற்றி எழுதினாலும் வரிக்காகத்தான். கரையில் இறங்கிய மீனோடு பேனா நின்றுவிடும், பெண்களின் வேலையோ அங்கேதான் தொடங்கும்.

என் அம்மம்மா கருவாடு போடுவதைப் பார்த்திருக்கிறேன். வயிற்றைக் கீறிக் குடல் எடுத்து, உப்பை விரலால் செவுளுக்குள் அடைப்பா. வானம் இருட்டினால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் பாயைச் சுருட்ட ஓடுவா. அப்புறம் கடகத்தோடு முள்ளியவளைப் பக்கம் போய் நெல்லுக்கு மாற்றுவா. இதை 1700க்குச் சான்றாக வைத்துவிடாதீர்கள், சேர் வெட்டிவிடுவார். ஆனால் எதைத் தேடுவது என்று இது காட்டும்: உப்பு, நெல், நூல். நைலோன் வருமுன் வலைக்கு நூலை யாரோ நூற்றுத்தானே ஆகவேண்டும்?

ஒரு வேடிக்கை, அந்தப் பதிவுகள் எழுதப்பட்ட அதே காலத்தில் ஒல்லாந்துச் சந்தைகளில் மீன் விற்றவர்களில் பெண்கள் ஏராளம். தங்கள் ஊரில் கண்டதை இங்கே எழுதத் தோன்றவில்லை போலும்.

சரி, தொழில் பட்டியலை விட்டுச் சொத்துப் பக்கம் போங்கள். 1707இல் தொகுத்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், சொல்லும் பழைய வழக்கப்படி தகப்பன் கொண்டுவந்த முதுசம் ஆண்மக்களுக்கு, தாயின் சீதனம் பெண்மக்களுக்கு. சீதனத் தகராறு வழக்குகள் கையில் கிடைத்தால் முதலில் அவற்றைப் புரட்டுங்கள். அங்கே பெண்ணின் பெயரை மறைத்து எழுத முடியாது.